பக்கம் நூற்று நாற்பத்து மூன்று

பட்டர்வொர்த் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில்
என்னை நிறுத்தினார்கள்.
முதுகில் நாசி லெமாக் மணம்.
முன்னால், தரையில், நான்கு ஐந்து ஆறாம் ஆண்டுகள்.
"நீதிக்கதை எழுத்தாளர் திரு. பரஞ்சோதி" என்றார் தலைமையாசிரியை.

நீதி எதுவும் எழுதியதில்லை நான்.
பாயான் லெப்பாஸில் நுண்ணோக்கிக்கு அடியில்
சிப்புகளில் குறை பார்ப்பது வேலை.
இரவு ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வந்து சேருமுன்
ஒன்றரை மணி நேரம் கிடைக்கும்.
அதற்குள் கடலில் ஊர் கட்டுவேன்.

மூன்று புத்தகங்கள், முந்நூறு முந்நூறு படிகள்.
விற்காதவை மைலோ பெட்டிகளில் கட்டிலுக்கடியில்.
ஊர்களின் மேல்தான் உறங்குகிறேன்.

கதையைச் சொன்னேன்.
ஃபெரி போகும் வழியில்,
நீர் வற்றும்போது மட்டும் எழும் தீவு.
அங்கே பத்து வயதில் ஒரு சிறுமி.
வலக்கை கை.
இடக்கை நண்டுக் கொடுக்கு.
அலவன் என்ற பழஞ்சொல்லை ஒடித்து
அலவி என்று பெயர் வைத்தேன் அவளுக்கு.

கேள்விகள்:
எழுத எத்தனை நாள்? காசு வருமா?
அலவி எந்தக் கையால் மூக்கு நோண்டுவாள்?
(வலக்கையால். பெருஞ்சிரிப்பு.)

பிறகு எழுந்தான் ஹேமவர்மன், ஐந்து மல்லிகை.
புத்தகத்தில் விரலை அடையாளம் வைத்திருந்தான்.

"சார், ரெண்டாவது புக்கு,
பக்கம் நூத்து நாப்பத்தி மூணு.
அலைக்கயித்தை அலவி இழுத்துப் பிடிச்சுக்கிறா.
அவங்க ரெண்டு பேரும் ஃபெரியில ஏறிடுறாங்க.
'நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறோம்'னு சொல்றாங்க.
மூணாவது புக்குல மலை ரயில்ல போயி
மேகத்தோட சண்டை போடுறாங்க.
அலவி இன்னும்
பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்காளா?"

மின்விசிறி சுற்றியது.
மூன்றாம் புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
மனதுக்குள் புரட்டினேன்.
ஒரு வரி இல்லை.

மயிரிழைக் கீறலைத் தப்பவிடாத கண்
ஒரு பெண்பிள்ளையை
முழுசாகத் தப்பவிட்டிருக்கிறது.

"அது ரகசியம். நாலாவதில் வரும்" என்றேன்.
ஆசிரியைகள் கைதட்டினார்கள்.
"மறந்துட்டீங்க லா" என்றான் அவன்,
மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல்.
உட்கார்ந்துகொண்டான்.

பூக்குவளை ஒன்று நினைவுப்பரிசு.
அதைக் கூடையில் வைத்து
மோட்டாரை ஃபெரிக்குள் ஏற்றினேன்.
எண்ணெய் வாடை. கலங்கிய நீர்.
வற்றும் நேரம்தான்.

இரண்டாம் புத்தகம் வந்து ஆறு வருடம்.
நாளுக்கு இரண்டு முறை வற்றும் கடல்.
நாலாயிரத்துச் சொச்சம் முறை
தீவு எழுந்திருக்கும், அமிழ்ந்திருக்கும்,
ஒவ்வொரு முறையும் அவள்
இந்தப் படகைப் பார்த்திருப்பாள்.

இப்போது பதினாறு வயது.
பன்னிரண்டைத் தாண்டிய யாரும்
என் புத்தகங்களுக்குள் இருந்ததில்லை.
அவளை எங்கே உட்காரவைப்பேன்?

பள்ளி தந்த நன்றிக்கடிதத்தைப் பிரித்து
பின்பக்கத்தில் எழுதினேன்:
"கயிற்றை எப்போதோ கம்பத்தில் கட்டிவிட்டு
அலவி தன் வழியே போயிருந்தாள்."
நல்ல வரி.
எனக்கு நல்ல வரி.
அடித்தேன்.

"அவர்கள் திரும்பி வந்தபோது அலவி சிரித்தாள்."
ஏன் சிரிக்க வேண்டும்?
அதையும் அடித்தேன்.

வலப்பக்கம் பாலம் நீண்டு கிடந்தது.
ஒரு மலாய்க்காரர் தலைக்கவசத்தை மடியில் வைத்துத்
தூங்கிக்கொண்டிருந்தார்.
எழுதினேன்:

"அலவிக்குக் கை வலித்தது."

அதை அடிக்க முடியவில்லை.
எந்தக் கை என்று அடுத்த வரியில் சொல்ல வேண்டும்.
கொடுக்கு வலிக்குமா?
ஆறு வருடம் அவளோடு பேசாதவனுக்கு
எப்படித் தெரியும்?

துறையில் இடித்து நின்றது படகு.
முன்னே இருந்த மோட்டார்கள் எல்லாம் போய்விட்டன.
பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார்,
இன்னொருவரும்.
சாவியைக்கூட நான்
இன்னும் போடவில்லை.